கைராசி எத்தனை கிலோ? வடகடல் பாசி வளர்ப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

சம்பை, மாங்காடு, ஓலைக்குடா, வடகாடு என்று ராமேசுவரம் தீவின் வடகரையிலும், மண்டபத்தை ஒட்டிய முனைக்காட்டிலும், அப்பால் தொண்டிப் பக்கத்திலும் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவின் ஓரத்தில், கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் வரிசையாகக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை. கடல் ஒன்று, விதைப்பாசி (கயிற்றில் கட்டி வளர்க்கும் பாசித் துண்டு) வந்த கரை ஒன்று, கட்டிய வாரமும் ஒன்று. நாற்பத்தைந்தாம் நாள் ஒரு வரிசையில் மிதவையைத் தூக்க நான்கு பேர் திணறுகிறார்கள். மற்ற வரிசையில் பாதிக் கயிறு வெறுங்கயிறாக ஆடுகிறது. கரையில் இதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அவளுக்குக் கைராசி மதினி, தொட்டா துலங்குது."

ராசி என்ற சொல்லை நாங்கள் தள்ளிவிடவில்லை. கடலில் பிழைப்பவர்களுக்கு அந்தச் சொல் தேவை. காற்று திரும்புவதும் மழை கொட்டுவதும் யார் கையிலும் இல்லை. ஆனால் இந்தப் பாசிக்கு ஒரு வசதி உண்டு. விதையை எடை போட்டுக் கட்டுகிறோம், விளைச்சலையும் எடை போட்டு எடுக்கிறோம். அதனால் ராசி என்று சொல்லப்படுவதில் கடல் கொடுத்தது எவ்வளவு, கை கொடுத்தது எவ்வளவு என்று கிலோவில் பிரித்துப் பார்க்க முடியும். இந்த ஆய்வு அதைத்தான் செய்கிறது.

பாசி வந்த கதை, சுருக்கமாக

இந்தக் கரைப் பெண்களுக்குப் பாசி புதிதல்ல. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று தீவுகளைச் சுற்றி மூழ்கி எடுத்துப் பல தலைமுறையாக விற்கிறார்கள். வளர்ப்புப் பாசியான கப்பாபைகஸ் அந்நியச் செடி. பூர்வீகம் பிலிப்பைன்ஸ். மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் ஜப்பானிலிருந்து இதைக் கொண்டுவந்து, குஜராத் கரையில் பழக்கி, 1990களின் நடுவில் மண்டபத்தில் திறந்த கடலில் வளர்த்துப் பார்த்தது. 2000ஐ ஒட்டிப் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் இறங்கியதால் இன்றும் இதற்குக் கரையில் பெயர் "பெப்சி பாசி". இதிலிருந்து எடுக்கும் காராஜீனன் பற்பசையையும் ஐஸ்கிரீமையும் கெட்டியாக்கப் பயன்படுகிறது. பச்சைப் பாசியைப் பிழிந்த சாறு பயிருக்குத் திரவ உரம்.

நாட்டின் மொத்த விளைச்சல் உலர் எடையில் 2001இல் 21 டன். 2013இல் 1,490 டன். கிலோ நாலரை ரூபாயில் தொடங்கிய விலை அதே காலத்தில் 35 ரூபாய் வரை ஏறியது. அதற்கு அடுத்து வந்த சரிவைப் பிறகு பார்ப்போம். ராசிக் கணக்கில் அதுதான் பெரிய பாடம்.

ஒரு மிதவையின் கணக்கு

மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத்தில் மூங்கில் சட்டம். மூங்கில் மூன்று நான்கு அங்குலக் கனம் இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் குறுக்காக நான்கடி மூங்கில் ஒன்று. இந்தக் குறுக்கு மூங்கில் இல்லாத சட்டம் முதல் பெருங்காற்றிலேயே சாய்சதுரமாகக் கோணிவிடும். சட்டத்துக்குள் 3 மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் கயிறு இருபது. ஒவ்வொரு கயிற்றிலும் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருபது இடத்தில் சிறு நூல் வளையம். ஒரு வளையத்தில் 150 கிராம் விதைப்பாசி. ஆக நானூறு முடிச்சு, 60 கிலோ விதை. அடியில் நான்கு மீட்டர் சதுர வலை. ஓரா மீன் கீழிருந்து கொறிப்பதைத் தடுக்கவும், ஒடிந்து விழும் துண்டைத் தாங்கவும் அது. பத்து மிதவையை ஒன்றாகப் பிணைத்து 15 கிலோ நங்கூரம் போடுவார்கள்.

நாற்பத்தைந்து நாளில் இந்த 60 கிலோ ஏறக்குறைய 240 கிலோவாகும். நன்றாக அமைந்தால் 260. அதில் 60 கிலோ அடுத்த சுற்றுக்கு விதை. மீதி 180 கிலோ காயப்போக வேண்டும். பத்துக் கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர் பாசி என்பதால் கைக்கு வருவது 18 கிலோ.

60 நான்கு மடங்காக வேண்டுமானால் நாளொன்றுக்குச் சுமார் 3.1 விழுக்காடு வளர வேண்டும். இது வட்டிக்கு வட்டி போல ஏறும். இருபத்து மூன்றாம் நாள்தான் 120 கிலோ ஆகும். முப்பதாம் நாள் 150ஐத் தொடும். கடைசிப் பதினைந்து நாளில் மட்டும் 90 கிலோ ஏறுகிறது. முப்பதாம் நாளே கைச்செலவுக்கு என்று அறுத்தால், விதை போக 90 கிலோ. நாற்பத்தைந்தாம் நாள் அறுத்தால் 180. அரை மாதம் பொறுத்ததற்கு விளைச்சல் இரட்டிப்பு. பொறுமை வேலையில் சேர்த்தியா என்று கேட்டால், இந்தத் தொழிலில் அதுதான் பாதி வேலை.

ராசியில்லாத வரிசையில் என்ன நடந்தது

இப்போது அந்த இரண்டாவது வரிசைக்கு வருவோம். அதில் பெருங்கேடு எதுவும் நடந்திருக்காது. இரண்டு சிறு தவறு போதும்.

முதல் தவறு முடிச்சில். விதைப்பாசியைக் கையில் எடுத்தால் நுனிகள் இளசாக, கிளை கிளையாக, ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். தடித்த அடித்தண்டைக் கட்டினால் எடை 150 கிராம் சரியாக இருக்கும், வளர்ச்சி இருக்காது. நூல் வளையத்தை இறுக்கிப் போட்டால், தண்டு பருக்கும்போது நூலே அதை அறுத்துவிடும். தளர விட்டால் முதல் மூன்று நாள் அலையில் நழுவிவிடும். தண்டைச் சுற்றி ஒரு விரல் நுனி நுழையும் இடைவெளி விட்டு முடிவதுதான் பதம். கட்டும் வேலை நிழலில், ஈரச்சாக்கு மூடி, அவ்வப்போது கடல்நீர் தெளித்து நடக்க வேண்டும். வெயிலில் பரப்பி வைத்துப் பேசிக்கொண்டே கட்டிய பாசி அன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாம் நாள் வெளுக்கும். கூலிக்குக் கட்டும்போது எண்ணிக்கைதான் கண்ணில் நிற்கும், அதனால் நானூறு முடிச்சில் கடைசி நூறு எப்போதும் பலவீனம். இப்படி முதல் வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு விதை போனது என்று வையுங்கள். 60 கிலோ 48 ஆகிறது.

இரண்டாவது தவறு அலசாமல் விடுவது. வடகடல் ஓரம் சேறும் மணலும் கலந்த அடித்தரை. காற்று சற்று வலுத்தாலே வண்டல் எழும்பிப் பாசி மேல் படியும். கடற்புல் சருகு வந்து சட்டத்துக்குள் அடையும். பச்சைப் பாசி இழை போலப் படர்ந்து வெயிலை மறைக்கும். மிதவையின் ஓரத்தைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கி, சருகை அள்ளிப் போட்டு, கயிறு கயிறாக விரல் விட்டுச் சீவிவிட வேண்டும். மிதவைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைத் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டால் வளர்ச்சி 3.1 விழுக்காட்டிலிருந்து 2.5க்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 48 கிலோ விதை நாற்பத்தைந்து நாளில் சுமார் 146 கிலோதான் ஆகும். அடுத்த விதைக்கு 60ஐ எடுத்தால் மிஞ்சுவது 86 கிலோ, உலர்ந்தால் எட்டரைக் கிலோ சொச்சம். பக்கத்து வரிசையில் 18 கிலோ. நாற்பத்தைந்து மிதவை வைத்திருப்பவருக்கு ஒரு சுற்றில் 810 கிலோ, மற்றவருக்கு 387. விதையில் ஐந்திலொரு பங்கும் நாள் வளர்ச்சியில் அரை விழுக்காட்டுச் சொச்சமும்தான் குறைந்தன, விளைச்சல் பாதிக்கும் கீழே போய்விட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது மாயம்தான். நானூறு முடிச்சையும் பத்து நிமிட அலசலையும் நின்று பார்த்தவர் யார்?

நாளுக்கு ஒரு மிதவை

ஒருவருக்கு நாற்பத்தைந்து மிதவை, நாளுக்கு ஒன்று கட்டு, நாளுக்கு ஒன்று அறு என்ற முறை இந்தக் கரையில் நிலைத்துப்போனதற்கு வேலைப் பகிர்வு ஒரு காரணம். ஆனால் அதிர்ஷ்டத்தோடு இதற்குள்ள உறவு இன்னும் நெருக்கம்.

எல்லா மிதவையையும் ஒரே வாரத்தில் கட்டியவரை நினைத்துப் பாருங்கள். இருபதாம் நாள் கனமழை பெய்து மேல்நீர் உப்புக் குறைகிறது. அவரிடம் உள்ள அத்தனையும் அறுக்க முடியாத இளம்பாசி. வெளுத்தால் எல்லாம் ஒன்றாக வெளுக்கும். நாளுக்கு ஒன்றாகக் கட்டியவரிடம் அதே நாளில் ஒரு நாள் பயிர் முதல் நாற்பத்தைந்து நாள் பயிர் வரை எல்லா வயதிலும் இருக்கும். கடலில் நிற்கும் மொத்தப் பச்சை எடை ஏறக்குறைய 5,800 கிலோ. அதில் முப்பது நாளைத் தாண்டிய பதினைந்து மிதவையில் மட்டும் சுமார் 2,900 கிலோ. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும் ஆள் சேர்த்து அந்தப் பதினைந்தையும் அறுத்துக் கரையேற்றிவிட்டால், மீதி முழுக்கப் போனாலும் பாதிச் சொத்து கைக்கு வந்துவிடும். "அவங்களுக்கு மட்டும் எப்படியோ தப்பிச்சிடுது" என்று சொல்வது இதைத்தான்.

ஒருநாள் கட்டாமல் விட்டால் நாற்பத்தைந்து நாள் கழித்து ஒருநாள் அறுப்பு இருக்காது. திருவிழா, கல்யாணம், காய்ச்சல் என்று விடுபட்ட நாளெல்லாம் ஒன்றரை மாதம் கழித்துக் கூலியில்லாத நாளாகத் திரும்பி வரும். குழுவாகச் செய்பவர்கள் இதைச் சமாளிப்பது முறை வைத்து. ஒருத்தி வரவில்லையென்றால் அவள் மிதவையை மற்றவர்கள் கட்டிவிடுவார்கள். இந்த ஒரு பழக்கம் உள்ள சுயஉதவிக் குழுவும் இல்லாத குழுவும் ஒரே கடலில் எவ்வளவு தள்ளித் தள்ளிப் போய்விடுகின்றன என்பதைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்ளும்.

இடமும் கயிறும்

வடகடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் கரை சமதளம் என்பதால் கடல் வற்றும்போது வெகுதூரம் உள்வாங்கும். முழுவற்றிலும் அடிவலை தரையைத் தொடாதபடி குறைந்தது இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும் இடம் வேண்டும். தரை தொட்டால் வலை கிழியும், சேறு ஏறும். நங்கூரக் கயிற்றை ஆழத்தைப் போல இரண்டு மூன்று பங்கு நீளமாக விட வேண்டும். குறுகக் கட்டினால் ஒவ்வொரு அலையும் சட்டத்தைச் சுண்டி இழுக்கும். முதலில் அவிழ்வது மூலைக்கட்டு. மூங்கிலைக் கடல் உளு துளைப்பதால் ஒவ்வொரு அறுப்பின்போதும் சட்டத்தைக் கரையில் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று கேட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.

தென்கடலில் கட்டலாமே என்று புதியவர்கள் கேட்பதுண்டு. கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. இந்த அந்நியப் பாசியை எங்கே வளர்க்கலாம் என்று 2005இல் தமிழக அரசு வரையறுத்தது. குருசடைத் தீவின் பவளப்பாறை மீது இது படர்ந்திருந்தது 2008இல் பதிவானது. ஒடிந்த துண்டு ஒன்று போதும், அதுவே முழுச்செடியாகும். அதனால் அலசும்போது விழும் கழிவைக் கடலில் விடாமல் கூடையில் கரைக்குக் கொண்டுவருவது நம் கடமை. அந்தப் பாறைகளை நம்பித்தான் இந்தக் கரையின் மீன்பாடு இருக்கிறது.

டிசம்பர் விதை

மேலே சொன்னதெல்லாம் ஒரு சுற்றின் ராசி. ஆண்டின் ராசி தீர்வது மூன்று மாதத்தில்: அக்டோபர், நவம்பர், டிசம்பர். வாடை வீசும் காலம் அது. வடகடல் கொந்தளிக்கும், மழைத்தண்ணீர் கலக்கும். பெரும்பாலோர் மிதவையைக் கரையேற்றிவிடுவார்கள். ஜனவரியில் காற்று தணிந்து, நீர் தெளிந்து, பாசி பாய்ந்து வளரும் பருவம் தொடங்கும்போது கரை முழுக்க ஒரே கேள்வி: விதை இருக்கிறதா?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். காற்று களத்துக்குக் களம் பேதம் பார்க்காது. ஆனால் தூற்ற வேண்டுமென்றால் அடித்த நெல் களத்தில் குவிந்து கிடக்க வேண்டும். ஜனவரிக் கடல் எல்லோருக்கும் பொது. விதைதான் நெல்.

கணக்கைப் பாருங்கள். நாற்பத்தைந்து மிதவைக்கும் வேண்டிய விதை 2,700 கிலோ. வாடைக்காலம் முழுக்கப் போராடி ஐந்து மிதவை விதையை, அதாவது 300 கிலோவை உயிரோடு காத்தவர், ஜனவரி 1 முதல் எதையும் விற்காமல் பெருக்கினால் சுமார் 71 நாளில் 2,700ஐத் தொடுவார். மார்ச் நடுவில் அவரிடம் நாற்பத்தைந்து மிதவைக்கும் கட்ட விதை இருக்கும். ஒரே மிதவையை, 60 கிலோவைக் காத்தவருக்கு 124 நாள், மே தொடக்கம். பத்தே கிலோ மிஞ்சியவருக்கு 182 நாள், ஜூலை வந்துவிடும். இது நல்ல வளர்ச்சியை வைத்துப் போட்ட கணக்கு. கோடை வெப்பத்தில் வளர்ச்சி தளரும் என்பதால் பிந்தியவருக்கு உண்மையில் இன்னும் நாளாகும். ஒன்றுமே காக்காதவர் காசு கொடுத்து, இருப்பவர் கொடுக்கும் நாளில் வாங்க வேண்டும்.

அந்த மூன்று மாத உழைப்புக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. மழையில் நனைந்து போய், அறுந்த கயிற்றைக் கட்டி, வெளுத்த நுனியைக் கிள்ளிவிட்டு வருவதற்கு ஒரு பைசா வராது. ஆனால் பின்னாளில் மூட்டை ஏற்றும்போது கூடியிருப்பவர்கள் ராசி என்று சொல்வது அந்த நவம்பரைத்தான்.

விதையைக் காப்பதற்கும் முறை உண்டு. முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. குறைந்தது இரண்டு இடம், ஒன்று அலை மறைப்புள்ள கரையோரம். மிதவைக்குப் பதில் குழாய் வலையில் அடைத்துக் கயிறாக நீட்டிக் கட்டினால் அலை அடிக்கும்போது முடிச்சிலிருந்து நழுவாது. மழைநீர் கனம் குறைவு என்பதால் மேலாக நிற்கும். நீரோட்டமுள்ள சற்று ஆழமான பக்கம் இழுத்துக் கட்டியவருக்குச் சேதம் குறையும்.

எதில் விடாப்பிடி, எதில் விட்டுவிடுவது

நுனி வெளுத்து, சுண்ணாம்பு போலாகி, தொட்டால் உதிரும் நோய்தான் இந்தப் பாசியின் முதல் எதிரி. நீர் சூடேறினாலும், உப்புக் குறைந்தாலும், ஓட்டமில்லாமல் தேங்கினாலும் செடி சோர்கிறது. சோர்ந்த செடியில் நுண்ணுயிர் ஏறுகிறது. வெளுத்த இடத்துக்குக் கீழே நல்ல தண்டில் இரண்டு விரற்கடை சேர்த்துக் கிள்ளினால் ஒன்றிரண்டு முடிச்சு பிழைக்கும். மிதவை முழுக்கப் பரவிய பின்னும் "இத்தனை நாள் பார்த்தோமே" என்று வைத்திருப்பது முயற்சியாகாது. எங்கள் மதிப்பில், மூன்றில் ஒரு பங்கு முடிச்சு வெளுத்துவிட்டால் அன்றே அறுத்துக் காயப்போட்டு, அந்தச் சட்டத்தையும் கயிற்றையும் வெயிலில் நன்றாக உலர்த்திவிட வேண்டும். பக்கத்து மிதவையைக் காப்பாற்ற அதுவே வழி. அதிலிருந்து ஒரு கைப்பிடி விதைகூட எடுக்கக் கூடாது.

2013க்குப் பின் வந்த சரிவில் கரை கண்டது இதைத்தான், ஆனால் ஆயிரம் மடங்காக. பாசி கூட்டமாக மடிந்தது. கடல் சூடு ஒரு காரணம். ஆண்டாண்டாக ஒரே செடியின் துண்டையே கட்டிக் கட்டி வளர்த்ததால் விதை வீரியம் இழந்தது இன்னொன்று. கையில் திறமை இருந்தவர்களும் அன்று விழுந்தார்கள். ராசி முழுக்கக் கையில்தான் இருக்கிறது என்று சொல்பவர்கள் அந்த ஆண்டுகளை மறக்கக் கூடாது. எழுந்தவர்கள் எப்படி எழுந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நூறு முடிச்சில் வெளுக்காமல் நின்ற நாலைந்தைத் தனியே பிரித்து, தனி மிதவையில் கட்டி, மறுசுற்றில் அதிலும் நல்லதைப் பொறுக்கி, விதையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தவர்களிடம் விதை தங்கியது. பின்னாளில் ஆராய்ச்சி நிறுவனம் திசு வளர்ப்பில் உருவாக்கிய நாற்றைக் கரைக்குக் கொண்டுவந்தது. 2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் செலவு மதிப்பிட்டு, பெண்களுக்கு அதில் 60 விழுக்காடு மானியம் வைத்தார்கள். மானியமும் ஒருவகையில் ஜனவரிக் கடல் மாதிரிதான். கணக்கு நோட்டு, வங்கிக் கணக்கு, கூட்டம் கூடிய பதிவேடு மூன்றும் ஒழுங்காக இருந்த குழு உடனே கையெழுத்துப் போட முடியும்.

காயப்போடும் இடத்தில் கைவிடுவது

அறுத்த பிறகு கெடுவது இன்னும் வயிற்றெரிச்சல். வெறும் மணலில் பரப்பினால் மணல் ஒட்டும். வாங்குபவர் எடையில் கழிப்பார். வலையோ தார்ப்பாயோ விரித்து, மெல்லிசாகப் பரப்பி, நாளுக்கு மூன்று நான்கு தடவை புரட்டினால் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் காயும். ஈரப்பதம் 35 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கையில் அள்ளி இறுக்கிப் பிடித்தால் ரப்பர் போல வளைய வேண்டும், ஈரம் கசியக் கூடாது, மேலே உப்புப் பூத்திருக்க வேண்டும். இடையில் ஒரு மழை நனைத்தால் பாசி வெளிறி, சத்து கரைந்து தரம் இறங்கிவிடும். இரவில் குவித்து மூடிவைக்க ஒரு தார்ப்பாய் கூடுதலாக வாங்காததால் நாற்பத்தைந்து நாள் உழைப்பு பாதி விலைக்குப் போவதுண்டு.

நோட்டில் எழுத வேண்டியவை ஐந்து: கட்டிய தேதி, விதை எடை, விதை யாருடைய எந்த மிதவையிலிருந்து வந்தது, அறுத்த எடை, உலர்ந்த எடை. ஒவ்வொரு மிதவைக்கும் மூங்கிலில் எண் செதுக்கிவிட்டால் போதும். மூன்று சுற்று எழுதியபின் அறுத்த எடையை விதை எடையால் வகுத்துப் பாருங்கள். நான்குக்கு மேல் தொடர்ந்து வரும் மிதவைகள் எவை, அந்த விதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். செப்டம்பர் கடைசியில், வாடை எழும்புமுன், டிசம்பர் விதைக்கு எடுக்க வேண்டியது அந்த மிதவைகளிலிருந்துதான்.